சிறு விமானத்தின் அலுமினிய உடலில் அரிப்பு: தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதுமா?

கேள்வி இது: 1970களில் தயாரான, நான்கு இருக்கைகள் கொண்ட உலோக விமானம். இறக்கையின் அடித்தகட்டில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) வரிசையை ஒட்டிப் பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. நகத்தால் கீறினால் வெண்பொடி உதிர்கிறது. கேபினின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் அங்கும் சாம்பல் நிறத் திட்டுகள். தேய்த்துவிட்டு பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதுமா, அல்லது தகட்டையே மாற்ற வேண்டுமா? இதில் உரிமையாளர் தன் கையால் எவ்வளவு செய்யலாம்?

கொப்புளத்தை வெளியிலிருந்து பார்த்து இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அரிப்பை முழுவதும் எடுத்த பிறகு அங்கே எவ்வளவு உலோகம் மிஞ்சுகிறது, அந்த இடம் விமானத்தில் என்ன சுமையைத் தாங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் தேய்ப்பதா, ஒட்டுத்தகடு போடுவதா, மாற்றுவதா என்று முடிவு செய்ய முடியும். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது, இரண்டாவது வேலை அளப்பது. பெயின்ட் கடைசியில் வருவது. பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் பெயின்ட் பளபளக்கும் பழைய விமானங்களை வாங்குபவர்கள் இரண்டு ஆண்டுகளில் அதே இடத்தில் அதே கொப்புளத்தைப் பார்க்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வேலையின் ஒவ்வொரு படியும் ஏன் என்று விளங்கும். சிறு விமானங்களின் தோல்தகடு பெரும்பாலும் 2024-டி3 என்ற கலப்புலோகம். அலுமினியத்துடன் சுமார் 4.4 சதவீதம் செம்பு, 1.5 சதவீதம் மக்னீசியம். வலிமையைத் தருவதும் அந்தச் செம்புதான், அரிப்பை அழைத்துவருவதும் அதுதான். செம்பு மிகுந்த நுண்துகளுக்கும் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கும் இடையே ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஒரு சிறிய மின்கலம் உருவாகிறது. அதில் கரைவது அலுமினியம். தூய அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதால், தகட்டின் இரு பக்கமும் மெல்லிய தூய அலுமினியப் படலத்தைப் பிணைத்துத் தயாரிக்கிறார்கள். ஆல்கிளாட் என்பது இதுதான். மெல்லிய 2024 தகடுகளில் அந்தப் படலம் ஒரு பக்கத்துக்கு மொத்தத் தடிமனில் 5 சதவீதம். 0.032 அங்குலத் தகட்டில், அதாவது 0.81 மில்லிமீட்டர் தகட்டில், காப்புப் படலம் 0.0016 அங்குலம், 0.04 மில்லிமீட்டர். உப்புத்தாளை எடுத்து ஆத்திரத்தோடு நான்கு தேய்ப்புத் தேய்த்தால் அது போய்விடும். அதன்பின் அந்த இடத்தைக் காப்பது நீங்கள் பூசும் பூச்சு மட்டுமே. இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மை உத்தரமான ஸ்பாரின் விளிம்புப் பட்டைகள், இறக்கையை உடலோடு இணைக்கும் பாகங்கள் போன்ற தடித்த உறுப்புகளுக்கு இந்தப் படலமே கிடையாது.

வெண்பொடி என்பது அலுமினியம் ஈரத்தோடு சேர்ந்து மாறிய ஹைட்ராக்சைடு. கரைந்த உலோகத்தைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அது அடைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளிப்பது அதனால்தான். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இணைப்பில் பொடி சேர்ந்தால், ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவே தகடு உப்பி நிற்கும். சாய்வான வெளிச்சத்தில் இணைப்பை நீளவாக்கில் பாருங்கள். மேடு தெரிந்தால், வெளியே பெயின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே வேலை முற்றிவிட்டது என்று பொருள்.

எல்லா அரிப்பும் ஒரே அளவு கவலைக்குரியதல்ல. பெயின்ட்டுக்கு அடியில் நெளிநெளியான இழைகளாக ஓடும் அரிப்பு பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன் மேற்பரப்பைச் சரியாகத் தயார் செய்யாததன் விளைவு அது. பார்க்க அசிங்கம், ஆனால் ஆரம்பத்திலேயே கவனித்தால் சரிசெய்வது எளிது. குழி அரிப்பு வேறு சாதி. மேலே ஊசிமுனை அளவு தெரியும், கீழே ஆழமாக இறங்கியிருக்கும். இதைவிடக் கொடியது உலோக மணிகளின் எல்லைகள் வழியே பரவுவது. அது முற்றும்போது, ஈரம்பட்ட பழைய புத்தகத்தின் ஏடுகள் ஊதிப் பிரிவதுபோல் உலோகம் அடுக்கடுக்காகப் பிரியும். அழுத்தி இழுத்துச் செய்யப்பட்ட பட்டைகளில், குறிப்பாக ஸ்பார் பட்டைகளின் விளிம்பில், இதைத் தேட வேண்டும். விளிம்பில் ஏடு பிரிந்திருப்பது தெரிந்தால் தேய்ப்பதைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிகிறது. அந்தப் பாகம் மாற்றப்பட வேண்டியது.

ஒரு குழி என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2019 மே 26 அன்று ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே தாழப் பறந்து நிலஅளவை செய்துகொண்டிருந்த செஸ்னா டி210எம் விமானத்தின் இறக்கை பறக்கும்போதே பிரிந்தது. அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். இரு இறக்கைகளின் சுமையையும் கேபினின் கூரைக்குக் குறுக்கே சுமந்து செல்லும் ஸ்பாரில், ஓர் அரிப்புக் குழியிலிருந்து கிளம்பிய உலோகச் சோர்வு விரிசல் வளர்ந்திருந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2020இல் 210 வகை விமானங்கள் பலவற்றுக்குச் சோதனை ஆணை பிறப்பித்தது. சத்தத்தைக் குறைப்பதற்காக ஸ்பாரின் அடிப்பரப்பில் ஒட்டப்பட்ட நுரைப்பஞ்சு ஈரத்தைப் பிடித்து உலோகத்தின் மீதே வைத்திருந்தது என்பதும் அப்போது பேசப்பட்டது. குழியின் ஆழம் சிறிதாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பறப்பிலும் வளைந்து நிமிரும் பாகத்தில் அதன் கூர்மையான அடிப்பகுதி தகைவைக் குவிக்கிறது. விரிசல் தொடங்க வேறெதுவும் தேவையில்லை. பின்னால் பள்ளத்தை ஏன் சரிவாகத் தேய்க்கச் சொல்கிறேன் என்பதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே கொப்புளத்தைத் தொடுவதற்கு முன் விமானம் முழுவதையும் ஒருமுறை பாருங்கள். ஓரிடத்தில் அரிப்பு தெரிகிறது என்றால் அதே ஈரம் வேறு இடங்களிலும் உட்கார்ந்திருக்கும். மின்கலப் பெட்டிக்கு அடியில் பாருங்கள். அமிலம் சிந்தியிருந்தால் சமையல் சோடாக் கரைசலால் நடுநிலையாக்கி, லிட்மஸ் தாளால் சரிபார்த்து, நன்றாகக் கழுவ வேண்டும். புகைபோக்கிக்குப் பின்னால் வயிற்றுப்பகுதித் தகடுகளில் எரிபுகை படியும். அந்தப் படிவு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்னும். கதவோரம், கண்ணாடியோரம் ஒழுகும் நீர் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். தகட்டில் நேரடியாக ஒட்டப்பட்ட கண்ணாடியிழைப் பஞ்சு, எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்பாரின் முகம், வாலின் அடிப்பகுதியில் அடைபட்ட வடிகால் துளைகள், எஃகுக் கம்பி நுழைந்திருக்கும் அலுமினியக் கீல்கள், அலுமினியத்தில் முடுக்கப்பட்ட துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளின் சுற்றுப்புறம், இவை எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். எலி கூடு கட்டிய இடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். எலியின் சிறுநீர் தகட்டைத் துளைத்துவிடும் அளவுக்குக் கடுமையானது, கூடு அதை ஈரமாகவே வைத்திருக்கும். 1960கள், 70களின் சிறு விமானங்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே உட்புறத்துக்குப் பிரைமர் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே போர்ஸ்கோப்பை, அதாவது மெல்லிய குழாய்முனைக் கேமராவை, நுழைத்துப் பார்ப்பது சில மணி நேர வேலை. அதைத் தவிர்த்துவிட்டு வெளித்தகட்டைச் சரிசெய்வதில் பயனில்லை.

ரிவெட் தலைகளைச் சுற்றிக் கருமையான கசிவுக் கோடு தெரிந்தால், ரிவெட் தளர்ந்து உலோகமும் உலோகமும் உராய்கின்றன என்று பொருள். அதைப் பெயின்ட்டால் மறைப்பது குற்றத்துக்குச் சமம் என்றே கருதுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் படம் எடுங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து. எண்ணெய், மசகு, அழுக்கு எல்லாவற்றையும் கரைப்பானால் துடைத்துவிட்டு, பாதிப்புப் பகுதியைவிடச் சற்று அகலமாகப் பெயின்ட்டை நீக்குங்கள். வேதிப்பொருள் கொண்டு நீக்குவதென்றால் சுற்றிலும் அலுமினியப் பட்டை ஒட்டி மூடிவிட வேண்டும். தகட்டு இணைப்புக்குள் அந்தத் திரவம் புகுந்தால் வெளியே வராது. அது அங்கிருந்தே புது அரிப்பைத் தொடங்கிவைக்கும். இணைப்பு, கண்ணாடி, கண்ணாடியிழைப் பாகங்கள் அருகே கையால் தேய்த்து நீக்குவதே நல்லது.

பழைய பச்சை, மஞ்சள் பிரைமர்களில் குரோமேட் இருக்கும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அதை உலர்நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடக் கூடாது. ஈரமாகத் தேயுங்கள், தூசு வடிகட்டி உள்ள சரியான முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள், கழுவிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். இதைச் சடங்கு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தொழிலில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அரிப்பை எடுக்க அலுமினியம் ஆக்சைடு தேய்ப்புத்தாள், நைலான் தேய்ப்புப் பஞ்சு, அலுமினியக் கம்பளி ஆகியவை போதும். எஃகுக் கம்பளியும் எஃகுக் கம்பி பிரஷும் அலுமினியத்தின் பக்கத்திலேயே வரக்கூடாது. அவற்றின் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்துகொள்ளும். பதிந்த ஒவ்வொரு துகளும் ஒரு புது மின்கலம். இரும்பில் வேலை செய்த அதே தாளை அலுமினியத்தில் பயன்படுத்துவதும் இதே கெடுதலைச் செய்யும். வேகமாகச் சுழலும் அரவை இயந்திரத்தையும் தவிர்த்துவிடுங்கள். மெல்லிய தகட்டைச் சூடாக்கி அதன் பதத்தையே கெடுத்துவிடும், தேவைக்கு மேல் தின்றும்விடும்.

எவ்வளவு எடுப்பது? முழுவதும். குழியின் அடியில் சிறு கரும்புள்ளி மிஞ்சினாலும் அரிப்பு அங்கிருந்து தொடரும். கண்ணுக்குத் தெரியாதபோது 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் பாருங்கள். எல்லாம் போன பிறகு, குழி இருந்த இடத்தை மேலோட்டமான, வழவழப்பான பள்ளமாகச் சரித்துவிட வேண்டும். பள்ளத்தின் நீளம் ஆழத்தைப்போல் 10 மடங்கோ 20 மடங்கோ இருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்லும். பாகத்துக்கு உரிய எண்ணை அதற்குரிய கையேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் நீண்ட அச்சு சுமை ஓடும் திசையில் அமைய வேண்டும். இறக்கையின் தகட்டில் அது பெரும்பாலும் இறக்கையின் நீளவாக்கு. பக்கத்தில் பக்கத்தில் பல குழிகள் இருந்தால் தனித்தனிப் பள்ளங்களாக விட்டு மேடும் பள்ளமுமாக ஆக்காமல், ஒரே சரிவாக இணைத்துவிடுங்கள்.

பள்ளத்தை நிரப்பும் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கார் பட்டறையில் செய்வதுபோல் பள்ளத்தில் பசை வைத்துச் சமன் செய்து பெயின்ட் அடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது இழந்த வலிமையில் ஒரு துளியையும் திருப்பித் தராது. அடியில் விரிசல் வந்தாலும் அடுத்த சோதனையில் யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடும். சுமை தாங்கும் தகட்டில் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது அளவு. ஆழத்தை அளக்கும் டயல் கருவியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி ஆழம் பார்க்கலாம். பின்பக்கம் கை எட்டாத இடங்களில் மீயொலித் தடிமன்மானி கைகொடுக்கும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற புரோப் இருக்க வேண்டும், அதே தடிமன் கொண்ட மாதிரித் தகட்டில் முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ரிவெட் துளைகளைச் சுற்றி விரிசல் சந்தேகம் இருந்தால், காந்தப்புலம் கொண்டு மறைந்த விரிசலைத் தேடும் சுழல் மின்னோட்டச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சாயம் ஊடுருவும் சோதனை மலிவானது, நல்லதும்கூட. ஆனால் தேய்த்த உடனே செய்தால் ஏமாற்றலாம். தேய்க்கும்போது மென்மையான அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். இலேசாக அமிலம் காட்டி அந்த இழுபட்ட படலத்தை நீக்கிய பிறகே சாயம் போட வேண்டும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டியில் அரிப்பை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். 0.001 அங்குலம் வரை ஆழம் இருந்தால் இலேசானது. 0.010 அங்குலம் வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. மெக்கானிக்குகள் பேசிக்கொள்ள இந்த மொழி உதவும். ஆனால் இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளும் தவறு அடிக்கடி நடக்கிறது. 0.020 அங்குலத் தகட்டில் 0.010 அங்குலக் குழி என்றால் பாதித் தகடு போய்விட்டது. அதை நடுத்தரம் என்று அழைத்துக்கொண்டு பறக்க முடியுமா? எவ்வளவு உலோகத்தை இழக்கலாம் என்பதை விமானத் தயாரிப்பாளரின் கட்டமைப்புப் பழுதுநீக்கக் கையேடு பாகம் பாகமாகச் சொல்லும். தோல்தகடுகளுக்கு மொத்தத் தடிமனில் 10 சதவீதம் என்ற எல்லையைப் பல கையேடுகளில் காணலாம். ஸ்பாரிலும் இணைப்புப் பாகங்களிலும் எல்லை இன்னும் கடுமையாக இருக்கும், சிலவற்றில் இழப்பே கூடாது. 10 சதவீதம் என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 0.032 அங்குலத் தகட்டில் 0.0032 அங்குலம், மில்லிமீட்டரில் 0.08. கேள்வியில் சொன்ன கொப்புளம் ரிவெட் வரிசையை ஒட்டி இருப்பதால், இந்த எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதே என் கணிப்பு. தரைப்பலகைக்கு அடியில் உள்ள சாம்பல் திட்டுகள் பெரும்பாலும் எல்லைக்குள் இருக்கும்.

எல்லைக்குள் இருந்தால் அடுத்தது பாதுகாப்புப் பூச்சு. பெயின்ட்டின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. பாஸ்பாரிக் அமிலம் கொண்ட சுத்திகரிப்பானை நீரில் கலந்து தடவி, நைலான் பஞ்சால் தேய்த்து, உலரவிடாமல் நிறைய நீரில் கழுவுங்கள். கழுவிய நீர் தகட்டின் மேல் எங்கும் முறியாமல் ஒரே படலமாக நின்றால் சுத்தம் சரி. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் மிஞ்சியிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சோதனைக்குச் செலவில்லை, இதைவிட நேர்மையான சோதனையும் இல்லை.

பிறகு அலோடைன் என்று எல்லோரும் அழைக்கும் குரோமேட் மாற்றுப் பூச்சு. தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வரை, பொதுவாகச் சில நிமிடங்கள், பரப்பை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். தகடு பொன்னிறமாக மாறும். மூன்று இணைதிறன் குரோமியம் கொண்ட புதிய வகைகளில் நிறம் அவ்வளவாகத் தெரியாது. தேவைக்கு மேல் விட்டால் பூச்சு பொடியாகிவிடும், பொடியின் மேல் பிரைமர் ஒட்டாது. நன்றாகக் கழுவி, துணியால் தேய்க்காமல் உலரவிட்டு, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுவது நல்லது. வெறும் கை படக்கூடாது. அலோடைன் நனைந்த துணிகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். உலர்ந்தால் எளிதில் தீப்பற்றும். முதலில் நீரில் அலச வேண்டும்.

இந்த அமில வேலை எல்லாம் திறந்த தகட்டுக்கு மட்டும். இணைப்புக்குள் அமிலம் புகக்கூடாது. தரையிறங்கு சக்கரத்தின் உயர்வலிமை எஃகுப் பாகங்களில் அமிலம் படவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும், வெளியே எதுவும் தெரியாது. உங்கள் விமானத்தில் மக்னீசியத் தகடு இருந்தால், உதாரணமாக வி வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்சாவின் வால் இயக்கப் பரப்புகள், அதற்கு முற்றிலும் வேறு வேதிமுறை. அலுமினியத்துக்கு வாங்கியதை அதில் பயன்படுத்தாதீர்கள்.

இணைப்புக்குள் அரிப்பு இருந்தால் வெளியிலிருந்து செய்யும் எந்த மருத்துவமும் உள்ளே எட்டாது. ரிவெட்டுகளை எடுத்துத் தகடுகளைப் பிரித்தே ஆக வேண்டும். சிறு விமானங்களில் வழக்கமான 2117 என்ற கலப்புலோக ரிவெட்டின் தலையில் நடுவே ஒரு சிறு குழி இருக்கும். டிரில்லை நடுவில் நிறுத்த அது உதவும். தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, தலையை நெம்பி எடுத்து, பின்னால் தாங்கு கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். தகட்டின் துளை பெரிதாகக் கூடாது. பெரிதானால் அடுத்த அளவு ரிவெட், அதற்கு விளிம்பிலிருந்து போதிய தூரம் இருக்கிறதா என்ற புதுக்கணக்கு வந்துவிடும். முழு வரிசையையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். தகட்டுத் தோல்தான் இறக்கையின் முறுக்கத்தைத் தடுக்கிறது. சரியான தாங்குசட்டம் இல்லாமல் பிரித்துப் பிறகு பூட்டினால் இறக்கை முறுக்கோடு நின்றுவிடும். பகுதி பகுதியாகப் பிரித்து, மற்ற துளைகளைக் கிளீகோ எனும் தற்காலிகப் பிடிப்பான்களால் பிடித்துவைத்து வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு தகட்டையும் தனியே சுத்தம் செய்து, அலோடைனும் பிரைமரும் பூசி, சேரும் முகங்களுக்கு நடுவே பாலிசல்பைடு அடைப்புப்பசை தடவி, ரிவெட்டையும் ஈரப் பிரைமரிலோ பசையிலோ தோய்த்து அடித்தால் அந்த இணைப்பு தொழிற்சாலையில் செய்ததைவிடச் சிறப்பாக இருக்கும். சலிப்பூட்டும் வேலை என்பது உண்மை. ஆனால் பழைய உலோக விமானம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய நன்மையை யாரும் செய்துவிட முடியாது.

தடிமன் எல்லையைத் தாண்டிவிட்ட தோல்தகட்டுக்கு ஒட்டுத்தகடு போடலாம், அல்லது முழுத்தகட்டையும் மாற்றலாம். ஒட்டுத்தகடு என்றால் அதே கலப்புலோகம், அதே பதம், அதே தடிமன் அல்லது ஒரு படி அதிகம். ரிவெட்டின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்புக்குக் குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்கு, ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் குறைந்தது மூன்று மடங்கு இடைவெளி. மூலைகள் வட்டமாக, அரம் போட்டு வழவழப்பாக. கீறல்கூட இருக்கக் கூடாது. ஒட்டுகள் அதிகமாகிப் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தகட்டை மாற்றுவதே நேரமும் நம்பிக்கையும் மிச்சம்.

எலிரான், எலிவேட்டர், ரட்டர் போன்ற, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் இயக்கப் பரப்புகளில் கை வைக்கும்போது தனிக்கவனம் தேவை. அவற்றின் தகடு மெல்லியது. கீலுக்குப் பின்னால் கூடும் சில கிராம் எடை, அது ஒட்டுத்தகடாக இருந்தாலும் பெயின்ட்டாக இருந்தாலும், சமநிலையை மாற்றிவிடும். சமநிலை தவறினால் வேகத்தில் படபடப்பு தொடங்கி, நொடிகளில் பரப்பையே பிய்த்துவிடும். பெயின்ட் மட்டும் அடித்திருந்தாலும் கழற்றிச் சமநிலை பார்த்துப் பதிவு செய்த பிறகே பூட்ட வேண்டும்.

ஸ்பாரைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. அங்கே என் கருத்துக்கோ உங்கள் மெக்கானிக்கின் அனுபவத்துக்கோ இடமில்லை. தயாரிப்பாளர் வெளியிட்ட எல்லைக்குள் இருந்தால் அவர் சொல்லும் முறைப்படி சரிசெய்யலாம். வெளியே போனால் அங்கீகாரம் பெற்ற வடிவமைப்புப் பொறியாளரின் வரைவு வேண்டும், அல்லது ஸ்பாரையோ இறக்கையையோ மாற்ற வேண்டும். சில விமானங்களில் அந்தச் செலவு விமானத்தின் மதிப்பைத் தாண்டிவிடும். அந்தக் கணக்கைப் பார்த்து, நல்ல பாகங்களைப் பிரித்து விற்றுவிட்டு விமானத்தை விட்டுவிடுவது மனதுக்குக் கடினம்தான். ஆனால் அது சரியான முடிவாக இருக்கக்கூடும். அதனால்தான் வெளித்தகட்டில் பணம் செலவழிப்பதற்கு முன் ஸ்பாரைப் பார்க்கச் சொன்னேன்.

உரிமையாளர் எவ்வளவு செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஒழுங்குமுறை அமைப்பின் பராமரிப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக, பாகங்களைப் பிரிக்காமல் சுத்தம் செய்வது, பாதுகாப்பு எண்ணெய் தெளிப்பது, வடிகால் துளைகளைத் திறப்பது, முதன்மைக் கட்டமைப்பைத் தொடாமல் பூச்சைப் புதுப்பிப்பது போன்றவை உரிமையாளர் கைக்கு எட்டியவை. ரிவெட் எடுப்பதும் தகட்டை மாற்றுவதும் உரிமம் பெற்ற பொறியாளரின் வேலை, கையெழுத்தும் அவருடையது. ஆனால் அவருடைய மேற்பார்வையில் உதவியாளராக உழைக்கப் பல இடங்களில் அனுமதி உண்டு. பெயின்ட் நீக்குவது, தேய்ப்பது, கழுவுவது போன்ற நேரம் தின்னும் வேலைகளை நீங்கள் செய்து, அளவும் முடிவும் அவரிடம் விட்டால் செலவு பெரிதும் குறையும். தொடங்குவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெயின்ட் அடித்து முடித்த தகட்டைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் நேர்மையான பொறியாளர் எவரும் போட மாட்டார்.

எல்லாம் முடிந்து பெயின்ட்டும் உலர்ந்த பிறகு உட்புறத்துக்கு அரிப்புத் தடுப்பு எண்ணெய் தெளியுங்கள். ஏசிஎஃப்-50, கரோஷன்எக்ஸ் போன்றவை ஈரத்தை இடம்பெயர்த்து, மெல்லிய படலமாக இணைப்புகளுக்குள் தானே ஊர்ந்து நுழையும். அவை நிரந்தரம் அல்ல. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டும், ஈரக்காற்றிலோ உப்புக்காற்றிலோ நிற்கும் விமானத்துக்கு இன்னும் அடிக்கடி. தெளித்த பிறகு சில வாரங்கள் ரிவெட்டுகள் வழியே எண்ணெய் கசிந்து பெயின்ட்டில் கோடு விழும். துடைத்துக்கொள்ளலாம். பெயின்ட் வேலை பாக்கி இருக்கும்போது மட்டும் தெளிக்காதீர்கள், எண்ணெய் இணைப்பிலிருந்து வெளியே ஊர்ந்து புதுப் பெயின்ட்டை ஒட்டவிடாது. ஏற்கெனவே மெலிந்த தகட்டை இந்த எண்ணெய் தடிமனாக்காது. அரிப்பின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நுரைப்பஞ்சையும் கம்பளத்தையும் திரும்பப் போடுவதென்றால் தகட்டில் ஒட்டாமல், ஈரம் உறிஞ்சாத வகையாகப் பார்த்து, எளிதில் கழற்றும்படி வையுங்கள்.

விமானப் பதிவேட்டில் எழுதும்போது “அரிப்பு நீக்கப்பட்டுப் பெயின்ட் அடிக்கப்பட்டது” என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். எந்தத் தகடு, ரிப் எனும் குறுக்குச் சட்டங்களில் எதற்கும் எதற்கும் இடையே, எத்தனை இடத்தில், அதிகபட்ச ஆழம், மிஞ்சிய குறைந்தபட்சத் தடிமன், கையேட்டின் எந்தப் பகுதியின்படி ஏற்கப்பட்டது, என்ன பூச்சு என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் எடுத்த படங்களையும் தேய்த்தபின் எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். ஒருமுறை 8 சதவீதம் இழந்த இடத்தை அடுத்த முறை வேறொருவர் புதுத்தகடு என்று நினைத்து மறுபடி தேய்த்தால், எல்லையைத் தாண்டியது யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டுச் சோதனையில் அதே இடங்களில் தடிமன்மானியை வைத்து, பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எண் மாறாமல் இருந்தால் வேலை பிடித்துக்கொண்டது. குறைந்திருந்தால் அந்த இணைப்பைப் பிரிக்க நாள் குறியுங்கள்.